மருதாயியைத் தேடி வந்த சாலை

ஒதியம்பாறைக்கு ரோடு வேண்டும் என்று கேட்டுக் கேட்டே ஒரு தலைமுறை நரைத்துப்போனது, கேட்டவர்கள் கடைசியில் பாடையில் போனதும் முழங்கால் சேற்றில்தான், அப்படிப்பட்ட ஊருக்கு, எல்லோரும் கேட்பதையே விட்டுவிட்டிருந்த ஒரு தை மாதத்தில், மக்காச்சோளம் ஒடித்து வீட்டுக்கு வீடு குவிந்து கிடந்த காலையில், மருதாயி கொல்லைக் கதவைத் திறந்தபோது, துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு தார்ச்சாலை வந்து நின்றுகொண்டிருந்தது. முந்தின நாள் பொழுது சாயும்வரை அங்கே ஆமணக்கும் எருக்கும்தான் இருந்தன. இப்போது கன்னங்கரேலென்று, குண்டு குழி இல்லாமல், நடுவில் வெள்ளைக்கோடு வேறு போட்டுக்கொண்டு, பனைமரங்கள் நிற்கிற மேடுவரைக்கும் போய் வளைந்து மறைந்தது சாலை. துவைத்த தண்ணீர் இனி எந்தப் பக்கம் ஓடும் என்பதுதான் மருதாயிக்கு முதலில் வந்த கவலை.

“தம்பி, இங்க வந்து பாரு. ரோடு வந்திருக்கு,” என்று விருந்தாளி வந்ததைச் சொல்வதுபோல உள்ளே குரல் கொடுத்தாள்.

தம்பி செங்கமலை வேப்பங்குச்சியைக் கடித்தபடி வந்து எட்டிப் பார்த்தான். “யாரு வூட்டுக்காம்?” என்றான்.

பொழுது ஏறுவதற்குள் ஊராட்சித் தலைவர் நல்லுசாமி வெள்ளை வேட்டியோடு வந்து, இந்தச் சாலையைக் கொண்டுவர தான் பட்ட பாடு தனக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனார், அவர் போனதும் தேர்தலில் அவரிடம் தோற்றவர் வந்து, காலால் தேய்த்துப் பார்த்து, தார் பத்தாது என்றார். எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கக் கூடாதென்பது பெரியவர்கள் சொன்னது, ஒதியம்பாறைக்காரர்கள் ரோட்டு மூலத்தையும் அதோடு சேர்த்துக்கொண்டார்கள். அந்தச் சாலையில் போனவர்கள் பனைமரத்து வளைவில் திரும்பியதும் ஊருக்கு முன்புறம் இருக்கிற பிள்ளையார் கோயிலில் வந்து நின்றார்கள். நடந்து போனவரும் அப்படித்தான், சைக்கிளில் போனவரும் அப்படித்தான், மினிபஸ் டிரைவர் ஆள்களை ஏற்றிக்கொண்டு போய் அதே பிள்ளையாரிடம் வந்து நின்று, இறங்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு வழக்கமான மண்பாதையிலேயே போய்விட்டார். புறப்பட்ட ஊருக்கே கொண்டுவந்து விடுகிற ரோடு எதற்கு ஆகும் என்று யோசித்து, சோளம் காயப்போட ஆகும் என்று முடிவு செய்து, மத்தியானத்துக்குள் சாலை முழுக்க மஞ்சளாகச் சோளத்தைப் பரப்பிவிட்டார்கள்.

மருதாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள். ஆகாமல் போனதற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. பெண் பார்க்க வந்த நேரத்தில் அம்மா பக்கவாதத்தில் விழுந்தாள், அம்மா போனபிறகு தம்பிக்கு முடிக்க வேண்டியிருந்தது, தம்பிக்கு முடித்ததும் தம்பி பெண்டாட்டி கொளஞ்சிக்குப் பிள்ளைப்பேறு வந்தது, பிள்ளையைத் தூக்கி வளர்த்து நிமிர்ந்தபோது கேட்டு வருகிறவர்கள் நின்றுபோயிருந்தார்கள். ஊரில் எந்த வீட்டில் பிரசவம் என்றாலும், எந்த வீட்டில் படுக்கையில் கிடந்தாலும், எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், “அதான் மருதாயி இருக்காளே” என்பார்கள். வீட்டுக்காரர்களே முகம் சுளிக்கிற வேலையை அவள் சுளிக்காமல் செய்வாள். ஊருக்கு அவள்மேல் பிரியம்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் உனக்கு என்ன வேண்டும் என்று அவளை ஒருவரும் கேட்டதில்லை, உள்ளதைச் சொல்வதென்றால் அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை, கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்குமே என்கிற பயம்தான்.

மாசி பிறந்ததும் சாலை நகரத் தொடங்கியது. ஒரு நாள் காலையில் துவைக்கிற கல் தாருக்கு நடுவில் நின்றது. இன்னொரு நாள் கொல்லைப்படி மறைந்திருந்தது. பங்குனியில் அது அடுப்படிக்குள் வந்துவிட்டது, கொளஞ்சி அதைக் கூட்டிப் பெருக்கி, வெள்ளைக்கோட்டின் மேலேயே கோலமாவை இழுத்துவிட்டாள், ஊர்ப் பெண்கள் வந்து பார்த்து, வழவழவென்று நன்றாகத்தான் இருக்கிறது, எங்கள் வீட்டுக்கும் வந்தால் தேவலை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பேச்சு மருதாயி பிரசவம் பார்க்க மேலத்தெருவுக்குப் போகும்வரைக்கும்தான். அங்கே பச்சை உடம்புக்காரியின் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தவள் விடிந்து எழுந்தபோது, சாலை முருங்கைமரத்தைச் சுற்றி, பள்ளிக்கூடத்துச் சுவரைப் பிளக்காமலே ஊடுருவி, அவள் பாயின் ஓரத்தில் வந்து கிடந்தது. பிள்ளை பெற்றவள் கூச்சல் போட்டாள். சாலை ஊருக்கு வரவில்லை, மருதாயிக்கு வந்திருக்கிறது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

“தப்பா நெனச்சுக்காத மருதாயி, நீ ஒங்க வூட்டுலயே படுத்துக்க,” என்று பெண்ணின் மாமியார் அவளுக்கு வெற்றிலை பாக்குக் கொடுத்து அனுப்பிவைத்தாள். அவள் வீடு திரும்பினாள், சாலையும் திரும்பியது.

அதற்கப்புறம் அவள் பட்ட பயத்தைச் சொல்லி மாளாது. தூக்கத்தில் கால் நீண்டு அதன்மேல் பட்டுவிடுமோ என்று முழங்காலைக் கட்டிக்கொண்டு படுத்தாள். சாலையைக் குறுக்கே தாண்டாமல் சமையலறைக்குள் சுவரோடு ஒட்டி ஒட்டி நடந்தாள். மற்றவர்களை எல்லாம் பிள்ளையாரிடம் கொண்டுவந்து விட்டது, தன்னை எங்கே கொண்டுபோய் விடும் என்று நினைத்து நினைத்து மாய்ந்தாள். பூசாரி வீரமுத்துவைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் குனிந்து தாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“எமன் இல்ல. எமன் இத்தன நாளு வந்து காத்துக்கெடக்க மாட்டான்.”

“அப்பறம் என்னாங்க?” என்று கேட்டான் செங்கமலை.

“கூப்புட வந்திருக்கு.”

“எதுக்கு?”

“அத அவளல்ல கேக்கணும்?”

எல்லோரும் மருதாயியைப் பார்த்தார்கள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “எனக்கு என்னா தெரியும்? நாம்பாட்டுக்குச் சோறாக்கிட்டுக் கெடக்கறேன்,” என்றாள்.

செங்கமலையும் பயந்துதான் போயிருந்தான். அக்கா இல்லாத வீட்டை அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஊரும் பயந்தது. ஒவ்வொரு வீட்டிலும் யாராவது வயிற்றில் பிள்ளையோடு இருந்தார்கள், யாராவது படுக்கையில் கிடந்தார்கள், இவள் போய்விட்டால் யார் வந்து நிற்பது என்று அவரவர் தங்கள் வீட்டு நடையில் உட்கார்ந்து யோசித்தார்கள். யோசித்து அவர்கள் கண்டுபிடித்த வழி ஒதியம்பாறைக்காரர்களுக்கு மட்டும்தான் தோன்றும். சித்திரையில் மாரியம்மனுக்குத் திருவிழா வருகிறது. காப்புக் கட்டிவிட்டால், அதை அவிழ்க்கும்வரைக்கும் ஊர்க்காரர் ஒருவரும் எல்லை தாண்டிப் போய் இரவு தங்கக் கூடாது. தங்கினால் ஆத்தா சும்மா விட மாட்டாள். எந்த ரோடாக இருந்தாலும் ஆத்தா கட்டிய காப்பை மீறி ஆளைக் கொண்டுபோக முடியாதல்லவா?

பூசாரி கைக்கும் அம்மன் கைக்கும் கட்டுகிற மஞ்சள் காப்பை அந்த வருஷம் மருதாயியின் கைக்கும் சேர்த்துக் கட்டினார்கள். பம்பை முழங்கியது. மறுநாள் காலையில் பார்த்தால், சாலை நின்ற இடத்திலேயே, அவள் பாய்க்கு ஒரு சாண் தள்ளி அசையாமல் கிடந்தது. செங்கமலை ஆத்தா இருக்கிற திசையைப் பார்த்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான், மருதாயி அன்றுதான் வெகுநாளைக்கப்புறம் காலை நீட்டித் தூங்கினாள்.

திருவிழா முடிந்து மஞ்சள் நீராட்டு நாள் வந்தது, காப்பை அவிழ்க்க வேண்டும். பூசாரி கையை நீட்டியபோது செங்கமலை குறுக்கே வந்து நின்றான். “இன்னொரு வாரம் போவட்டுமே சாமி,” என்றான். போகட்டும் என்றார்கள். அடுத்த வாரமும் போகட்டும் என்றார்கள். அப்படியே வைகாசி போனது, ஆனியும் போனது, காப்பு கட்டியபடியே இருந்தது.

காப்புக் கட்டியிருக்கிற ஊரில் தாளிக்கக் கூடாது, பச்சை மரம் வெட்டக் கூடாது, கல்யாணம் பேசக் கூடாது. தாளிக்காத குழம்பைத் தின்று தின்று ஊருக்கே நாக்குச் செத்துப்போனது. திருவிழாவுக்கு வந்திருந்த திருப்பூர்ப் பையன்கள் திரும்பிப் போக முடியாமல் வேலையை விட்டார்கள், புருஷன் ஊரிலிருந்து வந்த பெண்கள் வந்தபடியே இருந்தார்கள், வயலுக்குப் போனவர்கள் பொழுது சாயும்போது கோழிகள் அடைய ஓடிவருவதுபோல எல்லைக்குள் ஓடிவந்தார்கள். மருதாயியை ஊரில் நிறுத்திவைப்பதற்காகக் கட்டிய காப்பில் ஊரே நின்றுபோனது. ஆனாலும் அவிழ்க்கலாம் என்று வாய்விட்டுச் சொல்ல எவருக்கும் தைரியம் வரவில்லை, அவிழ்த்த மறுநாள் அவள் போய், அதற்கு மறுநாள் தன் வீட்டில் ஒன்று நடந்துவிட்டால் என்ன செய்வது? அப்படிப் பயந்துகொண்டிருக்கும்போதே கீழத்தெரு முத்துக்கருப்பனுக்கு நெஞ்சு வலித்தது. டவுன் ஆஸ்பத்திரியில் இரவு தங்கியே ஆக வேண்டும் என்றார்கள். காப்பை நினைத்து, பொழுது சாய்வதற்குள் அவரை வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள், விடியும்போது அவர் இல்லை. குளிப்பாட்டி, நெற்றியில் விபூதி வைக்க மருதாயிதான் போனாள். முத்துக்கருப்பனின் மகன் அவள் கையிலிருந்த மஞ்சள் காப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்தவள் கொல்லையில் உட்கார்ந்து அழுதாள்.

செங்கமலையின் மகள் அபிநயாவுக்கு அந்த ஆடியில் திருச்சியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் தங்கித்தான் படிக்க வேண்டும். சேர வேண்டிய நாள் நெருங்க நெருங்க, கட்டிவைத்த பெட்டியை அந்தப் பெண் தினமும் திறந்து திறந்து மூடினாள். அவள் அழவும் இல்லை, அப்பாவிடம் சண்டை போடவும் இல்லை, ஒரு நாள் அத்தைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அத்த, நீ போவியோ மாட்டியோன்னு ஊரே கவலப்படுது. ஒனக்குப் போவணுமா, வேணாமா?”

“ஒனக்குக் காலேசுல சேர நாளாவுதே பாப்பா.”

“நான் ஒன்னயக் கேட்டா நீ என்னயச் சொல்ற.”

மருதாயி முறத்தை எடுத்துக்கொண்டு அரிசி புடைக்கப் போனாள். ஆனால் அந்தக் கேள்வி அவளை விட்டுப் போகவில்லை. இந்தப் பிள்ளையின் படிப்புக்கும், திருப்பூர்ப் பையன்களின் பிழைப்புக்கும், முத்துக்கருப்பனின் சாவுக்கும் தானே காரணம் என்று எல்லாவற்றையும் இழுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டாள், போட்டுக்கொண்டு அவளுக்குப் பழக்கம்தானே. மறுநாள் மத்தியானம், ஊர் கோயிலில் கூழுக்கு நின்ற நேரத்தில், கையில் கட்டிய காப்போடு, இந்தப் பாவம் என்னோடு போகட்டும் என்று ஆத்தாவிடம் சொல்லிவிட்டு, பாய்க்குப் பக்கத்திலிருந்த தாரில் காலை வைத்தாள். சாலை சூடாக இருந்தது. அபிநயா நன்றாக இருக்க வேண்டும், ஊர் நன்றாக இருக்க வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே, காயப்போட்டிருந்த வேப்பங்கொட்டையை மிதித்துவிடாமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்தாள். பனைமரம் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு வளைவில் திரும்பினாள்.

“என்னா மருதாயி, நீயும் இங்கதான் வந்தியா?” என்றது ஒரு குரல்.

கண்ணைத் திறந்தால் எதிரே பிள்ளையார் இருந்தார், தலைவர் நல்லுசாமி டீக்கிளாசோடு நின்றார்.

ஊருக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. ரோடு இவளைத் தேடி வந்ததெல்லாம் சும்மா, எல்லோரையும் போல இவளையும் சுற்றிக் கொண்டுவந்து விட்டுவிட்டது, இதற்குப் போய் இத்தனை மாதம் பயந்தோமே என்று ஒருவர் தோளை ஒருவர் தட்டிச் சிரித்தார்கள். எல்லையைத் தாண்டவில்லை ஆகையால் குற்றம் இல்லை என்று பூசாரி தீர்ப்புச் சொல்லி அப்போதே காப்பை அவிழ்த்தார். மஞ்சள் தண்ணீர் தெருவெல்லாம் ஓடியது. அன்று பொழுது சாய்ந்தபோது வீட்டுக்கு வீடு கடுகு வெடித்தது, அந்த வாசனையில் ஆம்பிள்ளைகள் தெருவில் நின்று கண்கலங்கினார்கள். “ஒன் எடம் இதான்க்கா. ரோடே சொல்லிருச்சு பாரு,” என்று செங்கமலை அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவளும் சிரித்தாள். சிரிக்கும்போதே அவளுக்குள் இதுவரை தெரியாத ஒரு பயம் வந்தது. கொண்டுபோய்விடுமோ என்று பயந்த பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. போவதற்கு என்று தனக்கு ஓர் இடமும் இல்லையோ, இருந்தும், தனக்காக நடக்காமல் அடுத்தவருக்காக நடந்து அதையும் கெடுத்துவிட்டோமோ என்று விடியும்வரை விழித்துக் கிடந்தாள்.

விடிந்ததும் திருப்பூர்ப் பையன்கள் போனார்கள், புருஷன் வீட்டுக்காரிகள் போனார்கள், கொளஞ்சி அபிநயாவைக் கூட்டிக்கொண்டு திருச்சி பஸ் ஏறினாள். பஸ் கிளம்பும்போது அந்தப் பெண் ஜன்னல் வழியே அத்தையைப் பார்த்தாள். மருதாயி வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். அப்போது கவனித்தாள், பாய் ஓரத்தில் தார் இல்லை, பழைய மண்தரை இருந்தது. சாலை பின்வாங்கிக்கொண்டிருந்தது. வந்தபோது யாரும் பார்க்காத நேரத்தில் வந்தது, போகும்போது பார்க்கப் பார்க்கவே போனது. அவள் பருப்பை இறக்குவதற்குள் நிலைப்படியைக் கடந்துவிட்டது.

“பீட ஒழிஞ்சுதுக்கா,” என்றான் சாப்பிட உட்கார்ந்திருந்த செங்கமலை.

வாணலியில் எண்ணெய் காய்ந்தது, அவள் கடுகைப் போட்டாள், கடுகு வெடித்தது. திறந்த கதவு வழியாகத் துவைக்கிற கல் தாரிலிருந்து விடுபட்டு மண்ணில் நிற்பது தெரிந்தது. எருக்கஞ்செடி ஒன்று அதற்குள் முளைத்துவிட்டிருந்தது. மருதாயி கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்பை அணைக்கவில்லை, கையைக் கழுவவில்லை, ஓடினாள்.

“அக்கா, எங்கக்கா போற?”

“தெரியலடா.”

“எதுக்கு?”

“தெரியலன்றன்ல. போவணும்.”

“எனக்குச் சோறு?”

“வெந்து இருக்கு. போட்டுத் தின்னு.”

அப்படி ஒரு வார்த்தையை அவள் வாயிலிருந்து அவன் கேட்டதே இல்லை. எழுந்து ஓடிவந்தான், ஆனால் சாலையின் நுனிக்கும் அவனுக்கும் நடுவில் ஆமணக்கு ஆளுயரத்துக்கு எழும்பிவிட்டது. மருதாயி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நகர்ந்துபோகிற அந்தக் கறுப்பு நுனியில் தாவி ஏறிக்கொண்டாள். பின்னாலிருந்து அவன் கத்தினான். “எப்படியும் புள்ளையார் கோயிலுக்குத்தான வருவ? நான் அங்க வந்து நிக்கறேன்க்கா. நீ வா.” அவன் குரலில் அழுகை இருந்தது. அவளுக்கும் அழுகை வந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள், நினைத்துக்கொண்டே நடந்தாள்.

இந்தத் தடவை அவள் யாருக்காகவும் வேண்டிக்கொள்ளவில்லை. வேண்டிக்கொள்ள ஒன்றுமே தோன்றவில்லை. வளைவில் திரும்பும்போது கண்ணை மூடவும் இல்லை. பிள்ளையார் இருந்துவிடுவாரோ என்று ஒரு பயம், இல்லாமல் போய்விடுவாரோ என்று ஒரு பயம், இரண்டுக்கும் நடுவில் மூச்சு இழுத்துக்கொண்டு திரும்பினாள்.

பிள்ளையார் இல்லை. தம்பியும் இல்லை. மண்டை மண்டையாகக் கற்கள் கிடக்கிற பொட்டல் இருந்தது, வானம் இருந்தது. சாலை இன்னும் கொஞ்ச தூரம் போனது. பின்பக்கமிருந்து சுருண்டுகொண்டே வந்தது, முன்பக்கம் நீளவும் இல்லை, கடைசியில் பாய் அகலத்துக்கு அவள் காலடியில் மட்டும் மிஞ்சியது. அப்புறம் அதுவும் போய், அவள் வெறும் மண்ணில் நின்றாள்.

“நல்லா இருக்கு ஒன் காரியம். வூட்டுக்குள்ள வந்து வந்து பயமுறுத்தி, இத்தன தூரம் இழுத்தாந்து வுட்டுட்டு, நீ பாட்டுக்குப் போயிட்டியே. இனிமே நான் எங்க போவேன்?” என்று அவள் தரையைப் பார்த்துச் சத்தம் போட்டாள். யாராவது கூப்பிடுவார்கள் என்று நின்றாள். மருதாயி, ஓடியா, இவளுக்கு வலி எடுத்துருச்சு என்று ஒரு குரல் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். எந்தப் பக்கமும் போகலாம், எந்தப் பக்கமும் போகச் சொல்ல ஆள் இல்லை. இதற்குத்தான் தான் இத்தனை வருஷமாகப் பயந்துகொண்டிருந்தது என்பது அவளுக்கு அப்போது தெரிந்தது, தெரிந்ததனால் பயம் குறையவில்லை, இன்னும் கூடியது. குந்தி உட்கார்ந்து, வாய்விட்டு அழுது தீர்த்தாள்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்தபோது, தூரத்தில் சின்னக் குன்றுபோல ஒரு கரடு தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கமிருந்து கொக்குகள் கூட்டமாக எழும்பி, கொஞ்சம் சுற்றி, மறுபடி அங்கேயே இறங்கின. தண்ணீர் இருக்க வேண்டும். எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும் போல அவளுக்கு இருந்தது. யார் வீட்டுக்கும் ஒரு குடம் கொண்டுவருவதற்கு இல்லை, சும்மா போய்ப் பார்ப்பதற்கு. எழுந்து நின்றாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கரட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.